ஓடுகிற வாட்சை ஏன் திறக்கிறேன்

நின்றுபோன வாட்சைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது என் மேஜைக்கு வருவதில் பாதி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்தான். கூரியர் கவரைக் கிழித்த சூட்டோடு எடுத்து வருவார்கள். பேட்டரி மாற்ற வேண்டாம், செயினில் கண்ணி எடுக்க வேண்டாம். "அண்ணே, ஆன்லைன்ல செகண்ட்ஸ் வாங்கினேன். ஒரிஜினல்தானா, பாத்துச் சொல்லுங்க." ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கிளம்பிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை வாட்சை மூடி வைத்துக்கொண்டு சொல்ல முடியாது என்பதை முதலில் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் அப்பா தொடங்கிய கடை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் மாட்டும் ஐ-கிளாஸ், ட்வீசர், கழற்றிய பாகத்தைத் தூசி படாமல் மூடிவைக்கச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். அப்பா காலத்தில் வந்ததெல்லாம் எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று பெயர் சொன்னாலே அந்தத் தலைமுறைக்கு முகம் மலரும். ஜனதாவைத் திறந்தால் உள்ளே 0231 மெஷின், 17 ஜுவல், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் போட்டது, ரிடையர் ஆனபோது ஆபீஸில் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அது நிஜமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க அவசியமே இருக்கவில்லை.

பிறகு ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் கைகோத்து 1984-ல் தொடங்கிய கம்பெனி. பேட்டரி வாட்ச் ஊரெல்லாம் பரவியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவரை மேஜை டிராயரில் கிடந்த பழைய பைலட்டுக்குத் திடீரென்று விலை ஏறியது. விலை ஏறிய கையோடு, கம்பெனி என்றைக்கும் போடாத நிறங்களில் பைலட்டும் ஜனதாவும் ஆன்லைனில் விற்பனைக்கு வந்தன. ஏழை வீட்டு வாட்ச் என்று பெயரெடுத்த ஜனதாவையே ஜோடித்து விற்கிறார்கள் என்றால், லட்ச ரூபாய் வாட்சை விட்டுவைப்பார்களா?

சின்ன ஊர் மெக்கானிக்குக்கு ஒமேகாவும் ரோலக்ஸும் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் இந்த ஊர்தான். ரமணாசிரமத்துக்காக வந்து செங்கம் ரோட்டுப் பக்கம் மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களில் சிலர் தாத்தா கட்டிய வாட்சைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஊரின் வெயிலுக்கும் புழுதிக்கும் அது நேரம் பிசகும். வாங்கிய ரசீதோடு, ஒரே குடும்பத்தில், ஒரே மெக்கானிக் கையில் இருந்த அசல் வாட்சுகளைத் திறந்து பார்க்க எனக்கு வாய்த்தது அப்படித்தான். அசலின் ஸ்க்ரூ தலை எப்படி மின்னும், டயலில் எழுத்து எவ்வளவு மெலிசாக நிற்கும், அறுபது வருடப் பழுப்பு எந்த நிறத்தில் இருக்கும் என்பதெல்லாம் படத்தைப் பார்த்து வருகிற அறிவு கிடையாது. கையில் அசல் படாதவன் போலியைப் பிடிக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

கேஸ், பின்மூடி, கிளாஸ், டயல், முள், சாவி, மெஷின். இவை ஒவ்வொன்றையும் ஒரு வழக்கின் சாட்சிகளைப் போலத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். எல்லாம் ஒரே வயசைச் சொன்னால் அந்த வாட்ச் முழுசு. ஒன்று 1966 என்கிறது, இன்னொன்று 1980 என்கிறது, மூன்றாவது போன வருஷம் பிறந்தது என்றால், யாரோ கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதை அசெம்பிள் வாட்ச் என்போம். முழுப் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆளை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த அசெம்பிள்தான், ஏனென்றால் அதில் ஏதாவது ஒரு பாகம் நிஜமாகவே அசலாக இருக்கும்.

சீகோ 5 கையில் இருந்தால் இதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். பின்மூடியில் ஆறு இலக்கச் சீரியல் எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் வாட்ச் செய்த ஆண்டின் கடைசி எண். இரண்டாவது, மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு ‘ஓ’, நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ என்ற ஆங்கில எழுத்து. எட்டும் ‘என்’னும் முதலில் வந்தால், எட்டில் முடியும் ஓர் ஆண்டின் நவம்பர் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் சொல்லும். அதே மூடியில் 7எஸ்26 என்று இருந்தால், அந்த மெஷின் 1996-ல்தான் வந்தது, ஆகவே 1998 அல்லது அதற்குப் பிந்தைய பத்தாண்டு. 1988 ஆக முடியாது. அடுத்து டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஐ-கிளாஸ் இல்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில் மெஷின் எண்ணும் டயலின் குறியீடும் இருக்கும். மூடியில் உள்ள எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். அந்த இடம் வெறுமையாக, டயல் மட்டும் மிளகாய்ச் சிவப்பிலோ மயில் பச்சையிலோ பளபளத்தால், அது மறுபடி பெயின்ட் அடித்த டயல். பெயின்ட் அடிக்கிறவர் பெரிய எழுத்தை எழுதுவார், அந்தப் பொடி எழுத்தை விட்டுவிடுவார். மூடியில் 7009 என்றிருக்க உள்ளே 6309 ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட வாட்சுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. இந்தியாவிலிருந்து போகும், புதுசு போல மின்னும் பழைய சீகோ, எச்.எம்.டி., ஒமேகா எல்லாவற்றையும் அவர்கள் இந்தப் பெயரில்தான் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். டயலுக்குப் பெயின்ட் அடிக்கிற கலை திருட்டுக்காகப் பிறந்தது அல்ல. வெளிநாட்டு வாட்சின் இறக்குமதிக்குப் பல பத்தாண்டுகள் இங்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வாட்சே வரத்து இல்லாதபோது ஸ்பேர் எங்கே வரும்? ஈரம் பட்டு டயல் கறுத்துப்போனால் அதைச் சுத்தம் செய்து, பூச்சுப் பூசி, கம்பெனிப் பெயரைப் பழையபடி அச்சுவைத்துக் கொடுக்கும் கைவினைஞர்கள் இருந்தார்கள். வாட்சின் சொந்தக்காரர் தெரிந்தேதான் கொடுத்தார், தெரிந்தேதான் கட்டினார். ஃபேவர் லூபா வாட்ச் எத்தனையோ இந்திய வீடுகளில் மூன்று தலைமுறை ஓடியதென்றால் அந்தக் கைகளால்தான். அதே டயலை "1960 மாடல், முழு ஒரிஜினல், தொடவே இல்லை" என்று சொல்லி விற்கிறபோதுதான் தப்பு நடக்கிறது. பெயின்ட் அடித்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அதை மறைத்தவரைச் சொல்வேன்.

ஒரு ஆசிரியர் கொண்டுவந்த ஒமேகா சீமாஸ்டரை வைத்துச் சொன்னால் வேலை எப்படி நடக்கிறது என்பது புரியும். அவருடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு சீமாஸ்டர் கொண்டுவந்திருக்கிறார். அக்கா கல்யாணச் செலவில் அது போய்விட்டது. அதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும் என்று பல வருஷம் சேர்த்துவைத்து, செல்போனில் படம் பார்த்து, ஒரு விற்பனையாளரிடம் பணத்தைக் கட்டிவிட்டார். சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்தார். "சார், உட்காருங்க. திறக்கட்டுமா?" என்றேன். "திறங்கண்ணே, உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

திறக்கும் முன்பே வெளியே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அந்தக் காலத்து சீமாஸ்டருக்கு பிளாஸ்டிக் கிளாஸ். கம்பெனி போட்ட கிளாஸின் நட்டநடுவே, உள்பக்கத்தில், ஒமேகாவின் சின்னம் மணலைவிடப் பொடிசாக அச்சாகியிருக்கும். வாட்சை விளக்குக்குச் சாய்த்து, ஐ-கிளாஸை மாட்டி, முள் சேருகிற மையத்துக்கு நேர் மேலே தேட வேண்டும். இதில் இல்லை. சாவியின் தலையில் அதே சின்னம் புடைத்து நிற்க வேண்டும். இதில் மொட்டைச் சாவி. இந்த இரண்டையும் வைத்து ஒரு முடிவுக்கும் வரமாட்டேன். கிளாஸும் சாவியும் தேய்கிற சாமான், அறுபது வருஷத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள்.

பின்மூடியில் கடற்குதிரை முத்திரை தேய்ந்திருந்தாலும் உருவம் தெரிந்தது. திருகிக் கழற்றியதும் மூடியின் உள்பக்கம் 166.010 என்ற எண். ஒமேகாவின் அந்தக் கால எண் முறையில் 166 என்றால் ஆட்டோமேட்டிக், தேதி உண்டு, தண்ணீர் புகாத கேஸ். மெஷின் செம்பு நிறத்தில் இருந்தது. பூச்சு எங்கும் உரியவில்லை. 565, 24 ஜுவல். சீரியல் எண் 24 லட்சமா என்று அவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். 24 மில்லியன், அதாவது இரண்டு கோடியே நாற்பது லட்சத்துச் சொச்சம். அது 1966 வாக்கில் வந்த எண் வரிசை. 565 மெஷினும் அப்போது வந்ததுதான். சாவியை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தேன். இழுக்க இழுக்கத் தேதி ஒவ்வொன்றாகத் தாவியது. 565-க்கே உரிய குணம் அது. அதற்கு முந்தைய 562-ல் இப்படி நடக்காது. துடிப்பை அளக்கும் டைம் மெஷினில் வைத்தேன். மணிக்கு 19,800 துடிப்பு, இருக்க வேண்டிய கணக்குதான். ஆயில் காய்ந்ததால் பேலன்ஸ் வீல் வீசும் அகலம் குறைந்திருந்தது. அது சர்வீஸ் செய்தால் சரியாகும். ஆக மெஷின், கேஸ், பின்மூடி மூன்றும் ஒரே வயசு. ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

டயலுக்கு வந்தேன். மணிக் குறிகளின் மேலும் முள்ளிலும் இருட்டில் ஒளிரும் மருந்து இருந்தது. இந்த மருந்து மூன்று தலைமுறை மாறியிருக்கிறது. 1960-கள் வரை ரேடியம். பிறகு 1990-களின் கடைசி வரை டிரிட்டியம். அதற்குப் பின் கதிரியக்கம் இல்லாத லூமிநோவா வகை. டிரிட்டியம் போட்ட டயல் என்றால் அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்ற எழுத்துக்கு இரு புறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். இந்த டயலில் ‘ஸ்விஸ் மேட்’ மட்டும் இருந்தது, ‘டி’ இல்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1966-ல் வைத்த மருந்தில் இன்றைக்குச் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் தேறும். யு.வி. டார்ச் அடித்தால் லேசாக மினுக்கி, டார்ச்சை எடுத்ததும் அணைந்துவிடும். நான் அடித்த டார்ச்சை அணைத்து, விளக்கையும் அணைத்தேன். டயலில் பன்னிரண்டு புள்ளியும் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தன. ஆசிரியருக்கு அது அழகாக இருந்தது. எனக்கு அந்த மருந்து சமீபத்தில் வைத்தது என்று தெரிந்துவிட்டது.

டயலைக் கழற்றி விளிம்பைப் பார்த்தால் பெயின்ட் ஓரத்தில் தடித்து வழிந்திருந்தது. ‘சீமாஸ்டர்’ என்ற சாய்வெழுத்தின் வால் ஓரிடத்தில் மெலிசாகவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் இருந்தது. நிமிடக் கோடுகள் சில, மணிக் குறிக்கு அடியில் புகுந்து மறைந்தன. கம்பெனி டயலில் அவை குறிக்கு வெளியே நின்றுவிடும். நொடி முள் வேறு ஏதோ வாட்சினுடையது, நிமிடக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றது.

(இந்த இடத்தில் சக தொழிலாளிகளுக்கு ஒன்று. 1950-களின் டயலில் பழுப்பேறிய மருந்தைக் கண்டால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளிர்வது நின்றிருக்கும், கதிர்வீச்சு நின்றிருக்காது. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.)

ஆசிரியர் விற்றவருக்கு போன் போட்டார். "மெஷின் ஒரிஜினல்தானே சார், அதைத்தானே ஒரிஜினல்னு போட்டேன்" என்று பதில் வந்தது. அசெம்பிள் வாட்ச் விற்கிறவர்கள் எல்லோரும் தப்பிக்கிற சந்து இதுதான். வாங்குகிறவர் முழு வாட்சையும் நினைத்துக் கேட்கிறார், விற்கிறவர் தனக்குச் சாதகமான பாகத்தை நினைத்துப் பதில் சொல்கிறார். அதனால்தான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி போட்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருகிறேன். கேஸ் அசல், மெஷின் அசல் 1966 வாக்கில், டயல் மறுபெயின்ட், நொடி முள் வேறு வாட்சினுடையது, கிளாஸும் சாவியும் கம்பெனியுடையது அல்ல. அந்தச் சீட்டைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பியபிறகு பேச்சின் தொனி மாறியது. வாட்சைத் திருப்பிக் கொடுக்க ஆசிரியருக்கு மனசில்லை. விலையில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

முழுப் போலி வேறு வகை. கார்த்திகை மாதம் எங்கள் ஊரில் மழைக்காலம். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வருகிறவர்கள் மழையோ தூறலோ 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். மறுநாள் காலையில் கிளாஸுக்குள் ஆவி படிந்த வாட்சுகள் எனக்கு வரும். ஒரு வருடம் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ரோலக்ஸ் சப்மரைனர் கொண்டுவந்தான். கடலில் முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலிலேயே எழுதியிருக்கிற வாட்சுக்கு, அஷ்டலிங்கம் சுற்றிவருவதற்குள் உள்ளே தண்ணீர். பெட்டி, வாரண்டி கார்டு எல்லாம் சரியாக இருக்கிறதே என்றான்.

ரோலக்ஸுக்கு ஊரில் சொல்லும் அடையாளங்கள் எல்லோருக்கும் தெரியும். தேதிக்கு மேலே உள்ள குமிழ்க் கண்ணாடி இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும். 2000-களின் தொடக்கத்திலிருந்து கிளாஸில் ஆறு மணிக்கு மேலே ஊசி முனையளவு கிரீடம் லேசரில் பொறித்திருக்கும். சீரியல் எண் முன்பு செயின் மாட்டும் காதுகளுக்கு நடுவே, ஆறு மணிப் பக்கம் இருந்தது; பிறகு கிளாஸுக்கு அடியில் டயலைச் சுற்றிய உள்வளையத்துக்கு இடம் மாறியது. நொடி முள் நொடிக்கு எட்டுத் துடிப்பாக நழுவ வேண்டும். சாதாரண காப்பியில் ஆறு துடிப்பு வரும் மலிவான மெஷின் இருக்கும், காதில் வைத்தாலே பழகியவருக்குத் தெரியும். இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரு காலத்தில் போதுமானவையாக இருந்தன. தம்பியின் வாட்ச் இவை அத்தனையிலும் தேறியது. டைம் மெஷினில் 28,800 காட்டியது. ரோலக்ஸின் 3135 மெஷினையே அச்செடுத்தாற்போலச் செய்து காப்பிக்குள் வைக்கிறார்கள் இப்போது. 1988-ல் வந்த மெஷின் அது. நீல ஹேர் ஸ்பிரிங், சிவப்புச் சக்கரம் வரை நிறம் பார்த்துச் செய்கிறார்கள்.

மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சிவப்புச் சக்கரத்தின் பல் ஓரத்தில் நிறம் உரிந்து, அடியில் வெள்ளை உலோகம் தெரிந்தது. சக்கரங்களைத் தாங்கும் பாலங்களின் விளிம்பை யாரும் மெனக்கெட்டுத் தீட்டவில்லை. ஸ்க்ரூ தலையின் வெட்டில் பிசிறு. ரப்பர் வளையம் மூடியின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது, தண்ணீர் புகுந்த வழி அதுதான். கடைசிச் சந்தேகத்தையும் தீர்த்தது என் நோட்டு. வருகிற ஒவ்வொரு பெரிய வாட்சின் சீரியல் எண்ணையும் நான் குறித்துவைப்பது வழக்கம். தம்பியின் வாட்சில் இருந்த எண், சில மாதத்துக்கு முன் வேறொருவர் கொண்டுவந்த வாட்சிலும் இருந்தது. ஓர் எண்ணில் இரண்டு வாட்சைக் கம்பெனி செய்யாது. காப்பி செய்கிறவர்கள் ஏதோ ஓர் அசலின் எண்ணை எடுத்து ஆயிரக்கணக்கில் பொறிக்கிறார்கள், கார்டிலும் அதையே அச்சடிக்கிறார்கள். கார்டும் வாட்சும் ஒத்துப்போகிறது என்பது அதனால் எதையும் நிரூபிக்காது.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. "ஃபர்ஸ்ட் காப்பின்னு சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்கமாட்டேண்ணா" என்றான். ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி என்று தரம் பிரித்துப் பேசுவது கடைவீதி வழக்கம். சட்டத்தில் அப்படி ஒரு தரமே கிடையாது. 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி, போலி முத்திரை போட்ட பொருளைச் செய்வதும் விற்பதும் குற்றம். ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். தம்பியிடம் அதைச் சொல்லி, பணம் கட்டிய விவரத்தோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கச் சொன்னேன். பணம் போய்ச் சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் கஷ்டம்.

என் எல்லை எது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். போலி என்றால் போலி என்று நிச்சயமாகச் சொல்லிவிடுவேன். புது மாடல் ரோலக்ஸை அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன். அது கம்பெனியின் சர்வீஸ் சென்டர் சொல்ல வேண்டியது. பெரிய நகரத்துக்கு ஒரு நாள் போய்வருகிற செலவு, லட்சக்கணக்கில் போட்ட பணத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. உலகம் முழுக்க இதே நிலைதான். ஈபே 2020-ல் அமெரிக்காவில் இரண்டாயிரம் டாலருக்கு மேற்பட்ட வாட்சுகளை நிபுணர்கள் கையால் சோதித்தபிறகே வாங்கியவருக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2022 டிசம்பரில் ரோலக்ஸ் கம்பெனியே பழைய வாட்சைச் சோதித்துச் சான்று கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. படத்தைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது என்பதை அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ராடோவைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர் கையில் ராடோ இல்லாத காலம் இல்லை. 1962-ல் வந்த டயாஸ்டாரின் கேஸ் டங்ஸ்டன் கார்பைடு, கீறல் விழாது. அதனாலேயே அசலா என்று பார்க்க ஊசியால் கீறுகிறார்கள். தயவுசெய்து கீறாதீர்கள். டயலில் உள்ள நங்கூரத்தைப் பாருங்கள். வாட்சைத் திருப்பினால் அது தானாக ஆட வேண்டும். ஆடாமல் டயலோடு ஒட்டிய நங்கூரம் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் ஆயில் காய்ந்த அசலிலும் நங்கூரம் நின்றுவிடும், எனவே அதோடு முடிவு கட்ட வேண்டாம், திறந்து பார்க்கக் கொடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்கிறவர்கள் வெகு குறைவு. கேட்டால் நான் சொல்வது இதுதான். பின்மூடியைத் திறந்து, மெஷினும் மூடியின் உள்பக்கமும் தெரிய, பக்கத்தில் அன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதிவைத்துப் படம் கேளுங்கள். டயலின் ஆறு மணி விளிம்பை நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். செயினைக் கழற்றிக் காதுகளுக்கு நடுவே ஒரு படம். திறக்க முடியாது, சீல் போய்விடும், நேரமில்லை என்று சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும் சரி. பழைய வாட்ச் விற்கிறவர் கையில் மூடி திறக்கிற சாமான் இல்லாமல் இருக்காது. பெட்டியையும் கார்டையும் பார்த்து விலை ஏற்றிக் கொடுக்காதீர்கள், அவை தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. பார்சல் வந்தால் ஒட்டிய டேப்பைக் காட்டி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எந்த ஊரிலாவது ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கெடு முடிந்த மறுநாள் வருகிறவர்களுக்கு என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

விலை மட்டும் நான் சொல்வதில்லை. விற்கிறவர்கள் சிலர் என்னிடமே வந்து, சீட்டில் ‘முழு ஒரிஜினல்’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்றார்கள். வெளியே போகச் சொன்னேன். அந்தச் சீட்டை நம்பி ஒருவர் தன் சேமிப்பை எடுத்துக் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும்.

ஆசிரியரின் சீமாஸ்டரை முழுக்கப் பிரித்து, கழுவி, ஆயில் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்து நொடிக்குள் நேரம் நிற்கிறது. டயலைத் திரும்பவும் சுத்தம் செய்து புதிதாக எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், எழுதினால் இன்னொரு மறுபெயின்ட்தான் ஆகும். அதே காலத்து அசல் டயல் எப்போதாவது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், அப்போதும் டயல் மாற்றியது என்று சீட்டில் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் சின்னம் உள்ள கிளாஸ் வந்துவிட்டது, மாட்டியாயிற்று. சாவி இன்னும் கிடைக்கவில்லை.